மலைச்சாலைப் பராமரிப்பில் மண்ணரிப்புக் கட்டுப்பாடு

மலைச்சாலைப் பராமரிப்பில் மண்ணரிப்புக் கட்டுப்பாடு என்பது, மலைப்பகுதிச் சாலைகளைச் செப்பனிடும்போதும், வடிகால்களைத் தூர்வாரும்போதும், சரிந்து விழுந்த மண்ணை அகற்றும்போதும், மண் மழைநீரோடு அடித்துச் செல்லப்பட்டு ஓடைகளையும் நீர்த்தேக்கங்களையும் அடையாமல் தடுக்கும் முறைகளின் தொகுப்பு ஆகும். குடிசார் பொறியியல், மண்ணியல், நீரியல், தாவரவியல் ஆகிய துறைகள் சந்திக்கும் பொருள் இது.

புதிய சாலை வெட்டப்படும்போது ஏற்படும் மண்ணரிப்பு எல்லோர் கண்ணிலும் படுகிறது. பராமரிப்புப் பணியால் ஏற்படும் மண்ணரிப்பு அவ்வாறு கவனிக்கப்படுவதில்லை. ஆனால் சாலை ஒருமுறை மட்டுமே வெட்டப்படுகிறது. பராமரிப்போ ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஒவ்வொரு முறையும் கிளறப்படும் மண் சிறிதளவே ஆயினும், சாலையின் ஆயுட்காலம் முழுவதும் அது தொடர்வதால் மொத்த அளவு பெரிதாகிறது. மேலும், தவறாகச் செய்யப்படும் பராமரிப்பு அடுத்த ஆண்டின் சரிவுக்கே வழிவகுக்கிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டின் பழனி மலைத்தொடரையும் கொடைக்கானலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

பழனி மலையின் அமைப்பும் மழையும்

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் ஒரு கிளையாகும். இதன் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்குகிறது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி முதலிய ஊர்களைக் கொண்ட உயர்ந்த பகுதி மேல்மலை என்றும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய ஊர்களைக் கொண்ட தாழ்ந்த பகுதி கீழ்மலை என்றும் வழங்கப்படுகின்றன. மேல்மலையில் உருளைக்கிழங்கு, பூண்டு, காரட் முதலியனவும், கீழ்மலையில் காப்பி, மிளகு, மலைவாழை முதலியனவும் விளைகின்றன. கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது.

அடிப்படைப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைசு வகைப் பாறைகளும் ஆகும். பாறை கெட்டியானது. ஆயினும் அதன் மேற்பகுதி நெடுங்காலமாகச் சிதைவடைந்து, தடித்த செம்மண் அடுக்காக மாறியுள்ளது. இவ்வடுக்கினுள் சிதையாத உருண்டைப் பாறைகள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன. சாலைக்காகச் சரிவு வெட்டப்படும்போது இப்பாறைகளைப் பிடித்துக்கொண்டிருந்த மண் வெளிப்படுகிறது. மழை அந்த மண்ணை அரித்தெடுத்த பின்னர்ப் பாறை பிடிமானமின்றிச் சாலையில் உருண்டு விழுகிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் விழும் பாறைகளுள் பல இவ்வகையினவே.

கொடைக்கானலின் ஆண்டுச் சராசரி மழை 1,600 மி.மீ. அளவில் உள்ளது. ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழையும், சூன் முதல் செப்டம்பர் வரை மிதமான தென்மேற்குப் பருவமழையும் பெய்கின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்கிறது. சனவரி முதல் மார்ச்சு வரை வறண்ட காலமாகும். சாலைப் பணிகளுக்கான நாட்காட்டியை இம்மழைப் பகிர்வே தீர்மானிக்கிறது.

இம்மலையின் நீர் இரு திசைகளில் இறங்குகிறது. வடக்குச் சரிவின் நீர் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு ஆகிய அணைகளின் வழியாகச் சண்முகநதிக்கும் அமராவதிக்கும் செல்கிறது. தெற்கு, கிழக்குச் சரிவுகளின் நீர் சோத்துப்பாறை, மஞ்சளாறு, மருதாநதி ஆகிய அணைகளின் வழியாக வைகைப் படுகையை அடைகிறது. எனவே மலைச்சாலையில் கழுவப்படும் மண் இறுதியில் சமவெளி மக்களின் குடிநீர், பாசன நீர்த்தேக்கங்களிலேயே படிகிறது.

பழனி மலையின் சாலைகள்

1845 இல் அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த மதபோதகர்கள் கொடைக்கானலில் குடியிருப்புகளை அமைத்தனர். அக்காலத்தில் பெரியகுளம் அருகிலுள்ள அடிவாரத்திலிருந்து நடைபாதை வழியாகவே மலையேற முடிந்தது. பயணிகள் குதிரையிலும், ஆட்கள் சுமந்த பல்லக்கு நாற்காலிகளிலும் சென்றனர். வத்தலக்குண்டிலிருந்து மேலேறும் லாஸ் காட் சாலை, அதன் வடிவமைப்புடன் தொடர்புடைய மேஜர் லா என்பவரின் பெயரால் வழங்குகிறது. 1910களில் இது முழுமை பெற்று வாகனப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஊத்து, பெருமாள்மலை, செண்பகனூர் ஆகிய இடங்கள் இச்சாலையில் உள்ளன. கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீர் வெள்ளி அருவியாக விழுவதும் இச்சாலையின் ஓரத்திலேயே ஆகும்.

பழனியிலிருந்து வரும் சாலை பெருமாள்மலையில் இதனுடன் இணைகிறது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக வரும் சாலை இவ்விரண்டினும் பிற்காலத்தது. செங்குத்தான சரிவுகளில் வெட்டப்பட்டுள்ள அடுக்கம் சாலை, மண்சரிவு காரணமாக மழைக்காலங்களில் பலமுறை மூடப்பட்டுள்ளது. இவை தவிர, ஊராட்சிச் சாலைகள், காப்பித் தோட்டச் சாலைகள், வனத்துறைச் சாலைகள் எனப் பல சிறு சாலைகளும் உள்ளன. மேல்மலை ஊர்கள் பலவற்றுக்கு ஒரே சாலைதான் வெளியுலகத் தொடர்பாகும். அச்சாலை துண்டிக்கப்பட்டால் காய்கறி சந்தைக்குப் போகாது. நோயாளி மருத்துவமனைக்குப் போக முடியாது.

மண்ணரிப்பு நிகழும் முறை

மழைத்துளி வெற்று மண்ணின்மீது விழும்போது மண் துகள்களைச் சிதறடிக்கிறது. சிதறிய துகள்கள் மெல்லிய நீர்ப்படலத்தோடு நகர்கின்றன. இது படல அரிப்பு எனப்படும். நீர் ஒன்றுகூடி ஓடத் தொடங்கும்போது விரலளவு பள்ளங்கள் உண்டாகின்றன, இது ஓடையரிப்பு. அவை பெருகி ஆளிறங்கும் அளவுக்கு ஆழமாகும்போது அது பள்ள அரிப்பு எனப்படும். மண் நீரில் ஊறி எடை மிகுந்து, உராய்வு குறைந்து மொத்தமாக நழுவுவது மண்சரிவு ஆகும்.

மலைச்சாலை இந்நான்கையும் விரைவுபடுத்துகிறது. காட்டுச் சரிவில் மழைநீர் பரவலாக இறங்கி, பெரும்பகுதி மண்ணுக்குள் உறிஞ்சப்படுகிறது. சாலை அச்சரிவைக் குறுக்காக வெட்டுகிறது. அதனால் மேலிருந்து வரும் நீர் பக்க வடிகாலில் சேர்ந்து ஒரே இடத்தில் வெளியேற்றப்படுகிறது. தார்ப்பரப்பில் விழும் நீரும் உறிஞ்சப்படுவதில்லை.

இதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 5 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் கொண்ட சாலைத்துண்டின் பரப்பு 500 சதுர மீட்டர். அதில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 25 கன மீட்டர், அதாவது 25,000 லிட்டர் நீர் சேர்கிறது. இது இரண்டு பெரிய தண்ணீர் லாரிகளின் கொள்ளளவுக்குச் சமம். மேற்சரிவிலிருந்து வரும் நீர் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. குறுக்கு வடிகால் ஒன்று அடைபட்டால் இந்நீர் அடுத்த வடிகாலுக்குச் செல்கிறது. அங்கு நீரின் அளவு இரு மடங்காகிறது.

ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை, கோட்பாட்டளவில், 64 மடங்காகிறது. ஏனெனில் அந்த எடை வேகத்தின் ஆறாவது அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. மலைச்சாலையில் நீரின் அளவைப் பிரிப்பதும் வேகத்தைக் குறைப்பதும் ஏன் முதன்மையானவை என்பதை இது விளக்குகிறது.

மண்ணிழப்பை மதிப்பிடுவதற்கு விசுமையர், சிமித் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் உருவாக்கிய பொது மண்ணிழப்புச் சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது. மழையின் அரிக்கும் திறன், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், சரிவின் சாய்வு, நிலப்போர்வை, பாதுகாப்பு முறை ஆகிய காரணிகள் இதில் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. மழையையும் மண்ணையும் மனிதர் மாற்ற இயலாது. சாய்வை ஓரளவே மாற்றலாம். நிலப்போர்வையும் பாதுகாப்பு முறையுமே பராமரிப்புப் பணியாளரின் கையில் உள்ளவை. வயல்வெளிகளுக்காக உருவாக்கப்பட்ட இச்சமன்பாடு, மண்சரிவையும் பள்ள அரிப்பையும் கணக்கிடுவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

பராமரிப்பே மண்ணரிப்புக்குக் காரணமாதல்

பின்வரும் பணிகள் தேவையானவை. எனினும் செய்யும் முறை தவறினால் மண்ணரிப்பை மிகுவிப்பவை.

1. வடிகால் தூர்வாருதல்: பொக்லைன் இயந்திரம் கொண்டு பக்க வடிகாலை வாரும்போது, அதன் வாளி வடிகாலில் உள்ள வண்டலோடு நிற்பதில்லை. வளர்ந்திருந்த புல்லையும், மலைப்பக்கச் சரிவின் அடிமண்ணையும் சேர்த்து வழித்துவிடுகிறது. அடிமண்ணே மேலுள்ள சரிவைத் தாங்குவது. அது வெட்டப்பட்டால் அடுத்த மழையில் சரிவு இறங்கி வடிகாலை மீண்டும் மூடுகிறது. மீண்டும் இயந்திரம் வருகிறது. மீண்டும் அடிமண் வெட்டப்படுகிறது. இச்சுழற்சி ஒவ்வோர் ஆண்டும் சரிவைச் சிறிது சிறிதாக மேல்நோக்கித் தின்றுகொண்டே செல்கிறது.

2. அகற்றிய மண்ணைப் பள்ளத்தாக்கில் தள்ளுதல்: சாலையில் விழுந்த மண்ணை எதிர்ப்புறச் சரிவில் தள்ளிவிடுவது விரைவானது, செலவற்றது. ஆனால் தளர்வான அம்மண் கீழ்ச்சரிவின் புல்லையும் செடிகளையும் மூடிக் கொன்றுவிடுகிறது. அடுத்த மழையில் நீரை உறிஞ்சி நழுவி ஓடையில் சேர்கிறது. சில வேளைகளில் சாலையின் வெளிவிளிம்பையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது.

3. தார் அடுக்கின்மேல் அடுக்கு இடுதல்: பழைய பரப்பைச் சுரண்டாமல் புதிய அடுக்கு இட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகிறது, இருபுறத் தோள்பகுதிகளும் தாழ்கின்றன. தார் விளிம்பிலிருந்து விழும் நீர் தோள்பகுதியை அரித்து, விளிம்பை அடியிலிருந்து உடைக்கிறது.

4. சாலையோரச் செடிகளை வேரோடு களைதல்: வளைவுகளில் பார்வைக்குத் தடையாக உள்ள செடிகளை வெட்டுவது இன்றியமையாதது. ஆயினும் வேரோடு பிடுங்குவதும் நிலத்தைச் சுரண்டுவதும் மண்ணை வெற்றாக்கிவிடுகின்றன.

கட்டுப்படுத்தும் முறைகள்

நீரைப் பிரித்து வெளியேற்றுதல்

மண்ணரிப்புக் கட்டுப்பாட்டின் முதல் விதி, நீரைச் சாலையிலிருந்து விரைவாகவும் சரிவில் மெதுவாகவும் செலுத்துவதாகும். இந்திய மலைச்சாலைகளில் பரப்பு பெரும்பாலும் மலைப்பக்கம் நோக்கிச் சாய்க்கப்பட்டு, நீர் பக்க வடிகாலுக்குக் கொண்டுவரப்படுகிறது. அங்கிருந்து குறுகிய இடைவெளிகளில் குழாய்ப் பாலங்கள், சிறுபாலங்கள் வழியாகக் கீழ்ச்சரிவுக்கு விடப்படுகிறது. சாய்வு மிகும்தோறும் இவ்விடைவெளி குறைய வேண்டும்.

சிறுபாலத்தின் நுழைவாயிலில் உள்ள நீர்பிடி குழி அடைபடுவதே பெரும்பாலான சேதங்களின் தொடக்கமாகும். இலைச்சருகு, மரக்கிளை, ஞெகிழிக் குப்பை, சிறு கற்கள் ஆகியன இதனை அடைக்கின்றன. குழி நிரம்பினால் நீர் சாலையின் குறுக்கே பாய்ந்து, வெளிவிளிம்பில் எவ்விதப் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் விழுகிறது. ஒரு மண்வெட்டியால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை செய்யப்படாததால், பல மாதங்கள் எடுக்கும் தாங்குசுவர் கட்ட வேண்டிய நிலை இவ்வாறே உண்டாகிறது.

வெளிவாயிலிலும் கவனம் தேவை. நீர் உயரத்திலிருந்து வெற்று மண்ணில் விழுந்தால் அங்கு குழி உண்டாகி, அது பின்னோக்கி வளர்ந்து சாலையையே அடைகிறது. இதனைத் தடுக்கக் கற்பாவிய தளம், படிக்கட்டு வாய்க்கால், கம்பிவலைக் கற்பெட்டி ஆகியன அமைக்கப்படுகின்றன. சிமெண்டு வடிகால்கள் அரிபடுவதில்லை. ஆனால் நீரின் வேகத்தைக் கூட்டுகின்றன. வடிகாலுக்குச் சிமெண்டு பூசி, வெளிவாயிலை அப்படியே விட்டுவிட்டால் மண்ணரிப்பு இடம் மாறுகிறதேயன்றி நீங்குவதில்லை.

வடிகால் பராமரிப்பு

வடிகாலில் உள்ள புல் நீரோட்டத்துக்குத் தடையாகும் அளவுக்கு வளர்ந்தால் அதனை அறுத்தல் வேண்டும், பிடுங்குதல் கூடாது. வண்டல் சேர்ந்த இடத்தை மட்டும் வார வேண்டும். நல்ல நிலையில் உள்ள பகுதியைத் தொடாமல் விடுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. நீண்ட வடிகாலைத் தூர்வாரும்போது ஒரே நாளில் முழுவதையும் வெற்றாக்காமல், இடையிடையே சில மீட்டர் புல்வெளியை விட்டுவைத்தால் அது வடிகட்டியாகச் செயல்படும். பணி கீழிருந்து மேலாக அன்றி, மேலிருந்து கீழாக நடந்தால், கிளறப்பட்ட மண்ணைக் கீழுள்ள புல் தடுத்து நிறுத்தும்.

அகற்றிய மண்ணைக் கையாளுதல்

சரிந்த மண்ணை லாரியில் ஏற்றி, முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்ட சமதளத்தில் கொட்ட வேண்டும். அவ்விடம் ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் விலகியிருத்தல் வேண்டும். மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி அழுத்தி, ஓரத்தில் கல்வரிசை அமைத்து, மேலே புல் வளர்க்க வேண்டும். மழைக்காலத்தில் போக்குவரத்தை உடனே திறக்க வேண்டிய நெருக்கடியில் இடம் தேட நேரமிருப்பதில்லை. எனவே ஒவ்வொரு சாலைக்கும் கொட்டுமிடங்களை வறண்ட காலத்திலேயே முடிவு செய்து வைப்பது முறையாகும். அகற்றப்படும் மண் முழுவதும் கழிவன்று. அதன் மேல்மண்ணைத் தனியே வைத்து, பின்னர்ச் சரிவில் செடி நடப் பயன்படுத்தலாம். கற்களைச் சுவர் கட்டப் பயன்படுத்தலாம்.

சரிவுகளைத் தாங்குதல்

சிறு சரிவுகளுக்குச் சுண்ணாம்போ சிமெண்டோ இன்றிக் கற்களை அடுக்கிக் கட்டும் கற்கட்டுச் சுவர் ஏற்றது. இதன் இடுக்குகள் வழியே நீர் கசிந்து வெளியேறுவதால் சுவரின் பின்னால் நீரழுத்தம் சேர்வதில்லை. பூம்பாறை முதலிய ஊர்களின் படிக்கட்டு வயல்களும், மண்ணை வரப்புகளால் தாங்கி நீரின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் இதே கருத்தின் அடிப்படையில் அமைந்தவையே. சிமெண்டுச் சுவர்களில் கசிவுத் துளைகள் இன்றியமையாதவை. அவை அடைபட்டால், நீரும் மண்ணும் சேர்ந்த எடையைத் தாங்க இயலாமல் சுவர் கவிழும். கசிவுத் துளைகளைக் குத்தித் திறந்து விடுவதும் ஆண்டுப் பராமரிப்பில் அடங்கும்.

தாவரப் போர்வை

புல்லும் செடியும் மழைத்துளியின் தாக்குதலை ஏற்றுக்கொள்கின்றன. வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன. இத்துறையில் உலகெங்கும் அறியப்பட்ட தாவரம் வெட்டிவேர் ஆகும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரே தமிழிலிருந்து சென்றதாகும். 1980களில் உலக வங்கியின் வல்லுநர்கள் இந்தியாவில் இதனை மண்பாதுகாப்புக்காகப் பரப்பத் தொடங்கினர். இதன் வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் 3 மீட்டருக்கும் மேல் நேராகக் கீழிறங்கக் கூடியவை. சமஉயரக் கோட்டில் 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் தூர்களை நட்டால், ஓரிரு ஆண்டுகளில் அடர்ந்த வேலியாகி வண்டலைத் தடுக்கிறது.

எனினும் வெட்டிவேர் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. அது வெயிலை நாடும் தாவரம். நிழலிலும் உறைபனியிலும் செழிப்பதில்லை. ஆகவே பழனிச் சாலையின் கீழ்ப்பகுதி, லாஸ் காட் சாலையின் கீழ்ப்பகுதி, கீழ்மலைச் சாலைகள் ஆகியவற்றுக்கு ஏற்றது. கொடைக்கானல் மேட்டுநிலத்துக்கு ஏற்றதன்று. மேட்டுநிலத்தில் கிக்குயூ புல் விரைவாகப் பரவி மண்ணை நன்கு மூடுகிறது. ஆனால் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்புல் உள்ளூர்ப் புல்வெளிகளில் ஊடுருவி, குறிஞ்சி முதலிய இயல்புத் தாவரங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சோலைக்காட்டையும் மலைப்புல்வெளியையும் ஒட்டிய சாலைகளில், அவ்விடத்துக்குரிய புற்களையும் புதர்களையும் பயன்படுத்துவதே பொருத்தமாகும்.

மரங்களைச் சரிவின் விளிம்பில் நடுவதில் எச்சரிக்கை தேவை. சீகை எனப்படும் வாட்டில் மரம் ஆழமற்ற வேருடையது. காற்றில் சாயும்போது வேர்த்தட்டோடு மண்ணையும் பெயர்த்தெடுக்கிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலின்போது கொடைக்கானல் பகுதியில் ஏராளமான மரங்கள் சாலைகளில் சாய்ந்து, பல ஊர்கள் துண்டிக்கப்பட்டன.

தாவரம் வேரூன்றும் வரை மண்ணைப் பாதுகாக்கத் தேங்காய் நாரால் நெய்த வலை விரிக்கப்படுகிறது. இது இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் மட்கி மண்ணோடு கலந்துவிடும். அதற்குள் புல் வளர்ந்துவிடுவதால் வலையை அகற்ற வேண்டியதில்லை. செங்குத்தான சரிவுகளில் இரும்புக் கம்பிகளை மண்ணுள் ஆழமாகச் செலுத்தி, வலையால் மூடி, விதைக்கலவையைப் பீய்ச்சும் முறையும் உண்டு. தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை 2020களில் நீலகிரி மாவட்டச் சாலைகளில் இம்முறையைக் கையாண்டது.

வண்டல் பொறிகள்

தப்பிச் செல்லும் மண்ணைப் பிடிக்க, வடிகாலின் இடையே சிறு குழிகளும் கல் தடுப்புகளும் அமைக்கப்படுகின்றன. நீர் தேங்கும்போது துகள்கள் அடியில் படிகின்றன. அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் படிவதற்குத் துகள்கள் எடுத்துக்கொள்ளும் காலம், இசுடோக்சு விதியின்படியும் அதற்கு நெருக்கமான கணிப்பின்படியும், பின்வருமாறு அமைகிறது:

- மணல், 0.2 மி.மீ.: ஏறத்தாழ 1 நிமிடம்
- வண்டல், 0.02 மி.மீ.: ஏறத்தாழ 45 நிமிடங்கள்
- களிமண், 0.002 மி.மீ.: ஏறத்தாழ 3 நாட்கள்

மேலே கூறிய 100 மீட்டர் சாலைத்துண்டிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 7 லிட்டர் நீர் வருகிறது. ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள குழியில் அந்நீர் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவாகவே தங்குகிறது. அதாவது, குழி மணலைப் பிடிக்கும். நுண்வண்டலையும் களிமண்ணையும் விட்டுவிடும். ஓடை நீரைச் செந்நிறமாகக் கலங்கச் செய்வது களிமண்ணே. ஆகவே வண்டல் பொறி இரண்டாவது அரண் மட்டுமே. களிமண்ணை அது கிடக்கும் இடத்திலேயே போர்வையால் மூடி வைப்பதைத் தவிர எளிய வழி வேறில்லை. நிரம்பிய பொறி எதையும் பிடிப்பதில்லை என்பதால் அதனையும் அவ்வப்போது வாருதல் வேண்டும்.

மண்சாலைகள்

தார் இடப்படாத தோட்டச் சாலைகளிலும் வனச்சாலைகளிலும் சாலைப்பரப்பே அரிபடுகிறது. இங்குச் சாலையின் குறுக்கே சாய்வாகச் சிறு மேடுகளை அமைத்து நீரைத் திருப்பிவிடுவர். வனச்சாலைக் கையேடுகள் பலவற்றில், 5 விழுக்காடு சாய்வுக்கு ஏறத்தாழ 40 மீட்டர், 10 விழுக்காட்டுக்கு 25 மீட்டர், 15 விழுக்காட்டுக்கு 18 மீட்டர் என்ற இடைவெளிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. வண்டிச் சக்கரத் தடங்கள் ஆழமானால் அவையே வாய்க்கால்களாகிவிடும். மழை பெய்து மண் ஊறியிருக்கும்போது கனரக வாகனங்களை நிறுத்தி வைப்பது செலவில்லாத பாதுகாப்பாகும்.

பருவத்துக்கேற்ற பணிமுறை

பழனி மலையின் மழைப்பகிர்வுக்கு ஏற்பப் பணிகளைப் பின்வருமாறு அமைக்கலாம்:

- சனவரி - மார்ச்சு: மண் வெட்டுதல், சுவர் கட்டுதல், சிறுபாலம் சீரமைத்தல், கொட்டுமிடம் தேர்தல்.
- ஏப்ரல் - மே: புதிய மண்வெட்டுகளைத் தவிர்த்தல், வெட்டிய இடங்களை வைக்கோல் அல்லது நார்வலையால் மூடுதல்.
- சூன் - ஆகத்து: மிதமான மழையைப் பயன்படுத்திப் புல், செடி நடுதல்.
- செப்டம்பர்: எல்லா வடிகால்களையும் நீர்பிடி குழிகளையும் கசிவுத் துளைகளையும் சுத்தம் செய்தல்.
- அக்டோபர் - திசம்பர்: மழையின்போது சாலையில் நடந்து பார்வையிடுதல், அடைப்புகளை உடனுக்குடன் நீக்குதல்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஏப்ரல், மே மாதங்கள் கொடைக்கானலின் சுற்றுலாப் பருவமாகும். மலர்க் கண்காட்சியும் கோடைவிழாவும் மே மாதத்தில் நடைபெறுவதால், அதற்குள் சாலையைச் செப்பனிட வேண்டிய அவசரம் எழுகிறது. வறண்ட காலத்தின் இறுதியில் விரைந்து வெட்டப்பட்ட மண், புல் முளைக்கும் முன்னரே கோடைமழையில் சிக்குகிறது.

மழையின்போது பார்வையிடுதல் எளிதாகத் தோன்றினாலும் பயன் மிக்கது. நீர் உண்மையில் எங்கே ஓடுகிறது, எங்கே கலங்குகிறது என்பதை வெயிற்காலத்தில் அறிய இயலாது. கலங்கிய நீரைப் பின்தொடர்ந்து மேலே சென்றால் அரிபடும் இடம் தெரிந்துவிடும்.

பராமரிப்பற்ற சாலை: கொடைக்கானல் - மூணாறு

பேரிஜம் ஏரி வழியாக மூணாறு செல்லும் பழைய சாலை, 1920களில் அமைக்கப்பட்டு, அக்காலச் சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் கோசன் சாலை எனப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, சப்பானியர் படையெடுத்தால் தப்பிச் செல்வதற்கான வழியாக 1942 இல் மேம்படுத்தப்பட்டது. வந்தரவு அருகே ஏறத்தாழ 2,480 மீட்டர் உயரத்தை எட்டும் இச்சாலை, தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சாலைகளுள் ஒன்றாகும். 1990 அளவில் இது பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. பராமரிப்புக் குறித்துத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே நிலவிய கருத்து வேறுபாடு இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

வாகனங்கள் நின்றுவிட்டால் சாலையின் மண்ணரிப்பும் நின்றுவிடும் என்று கருதுவது சரியன்று. பயன்பாடு நின்ற மலைச்சாலையிலும் வெட்டப்பட்ட சரிவும், நீரைத் திரட்டும் வடிகாலும் அப்படியே இருக்கின்றன. சிறுபாலங்களை வாருவோர் மட்டுமே இல்லை. இத்தகைய சாலைகளில் அடைபடக்கூடிய குழாய்களை நீக்கித் திறந்த கற்பாவிய ஓடையாக மாற்றுவதும், குறுக்கு மேடுகள் அமைப்பதும், வெற்றிடங்களில் உள்ளூர்த் தாவரங்களை வளர்ப்பதும் பொறியியல் முறையில் சாலையை மூடுதல் ஆகும்.

விளைவுகள்

சாலையிலிருந்து செல்லும் வண்டல் ஓடையின் கற்களுக்கிடையே படிந்து, மீன்களும் நீர்ப்பூச்சிகளும் முட்டையிடும் இடங்களை மூடுகிறது. குடிநீர்த் தேக்கங்களில் கலங்கல் மிகுந்தால் நீரைத் தெளியவைக்கக் கூடுதல் படிகாரம் தேவைப்படுகிறது. அணைகளில் படியும் வண்டல் அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையின் வண்டல் படிவு நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் சிக்கலாகும். இவ்வண்டல் முழுவதும் சாலைகளிலிருந்து வந்ததன்று. வேளாண்மை, காடழிப்பு, கட்டுமானம் ஆகியனவும் காரணங்களே. எனினும் சாலை வடிகால்கள் ஓடைகளோடு நேரடியாக இணைந்திருப்பதால், அங்கு அரிபடும் மண் இடையில் எங்கும் தங்காமல் ஓடையை அடைகிறது.

பொறுப்பும் விதிமுறைகளும்

பழனி மலையில் முதன்மைச் சாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறையும், ஊரகச் சாலைகளை ஊராட்சி ஒன்றியங்களும் ஊராட்சிகளும், காட்டினுள் உள்ளவற்றை வனத்துறையும் பராமரிக்கின்றன. 1990 இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் மலையூர்களில் வளர்ச்சிப் பணிகளை ஒழுங்குபடுத்துகிறது. 2013 இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 1985 இல் தொடங்கப்பட்ட பழனிமலைப் பாதுகாப்புக் கழகம் மரம் வளர்ப்பிலும் சூழல் விழிப்புணர்விலும் ஈடுபட்ட அமைப்பாகும்.

1934 இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரசு, 1998 இல் மலைச்சாலைக் கையேட்டை வெளியிட்டது. சாலையோரச் சரிவுகளின் அரிப்புத் தடுப்புக்கென அது தனி வழிகாட்டியும் வெளியிட்டுள்ளது. 2000 திசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் ஊரகச் சாலைத் திட்டத்தில், சாலை அமைக்கும் ஒப்பந்ததாரரே ஐந்தாண்டுகள் பராமரிக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது.

விதிகளை நிறைவேற்றுவோர் சாலைப் பணியாளர்களே. தமிழ்நாட்டில் 1997 இல் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர். 2002 இல் பணிநீக்கம் செய்யப்பட்ட அவர்கள் 2006 இல் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். குழி நிரப்புதல், வடிகால் சுத்தம் செய்தல், சாலையோரச் செடிகளை வெட்டுதல் ஆகியன இவர்களது பணிகளாகும். ஒரே சாலைத்துண்டில் ஆண்டுக்கணக்கில் பணிபுரியும் ஒருவருக்கு எந்தக் குழி முதலில் அடைபடும், எந்த வளைவில் மண் கசியும் என்பது தெரிந்திருக்கும். ஆண்டுக்கொருமுறை வந்து செல்லும் இயந்திரத்தால் இவ்வறிவை ஈடுசெய்ய இயலாது.

பிற நாடுகளில்

நேபாளத்தில் பிரித்தானிய உதவியுடன் அமைக்கப்பட்ட தரான் - தன்குட்டா சாலையில், 1980கள் முதல் தாவரங்களையும் சிறு கட்டுமானங்களையும் இணைக்கும் உயிரிப் பொறியியல் முறை வளர்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், மண் மற்றும் சரளைச் சாலைகளிலிருந்து ஓடைகளுக்குச் செல்லும் வண்டலைக் குறைப்பதற்கென்றே 1997 இல் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெரிய கட்டுமானங்களைக் காட்டிலும், நீரை அடிக்கடி பிரித்துவிடுதல், வெற்று மண்ணை மூடுதல் ஆகிய எளிய வழிகளையே இவ்விரண்டும் முதன்மைப்படுத்தின.

வரையறைகள்

மேற்கண்ட முறைகள் படல அரிப்பு, ஓடையரிப்பு, மேலோட்டமான சரிவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. பல மீட்டர் ஆழத்தில் நிகழும் பெருஞ்சரிவைப் புல்லாலும் கற்கட்டாலும் தடுக்க இயலாது. அதற்குப் புவியியல் ஆய்வும் ஆழ்வடிகாலும் தேவை. சில இடங்களில் சாலையின் தடத்தையே மாற்ற வேண்டியிருக்கும். மேலும், பராமரிப்பின் பயன் நடக்காமல் தவிர்க்கப்பட்ட சேதமாக இருப்பதால் அது கணக்கில் தெரிவதில்லை. இடிந்த சுவரைக் கட்டுவதற்கு நிதி கிடைப்பதும், சுவர் இடியாமல் காக்கும் வடிகால் பணிக்கு நிதி குறைவதும் இதனாலேயே எனலாம்.

இவற்றையும் பார்க்க

- மண்ணரிப்பு
- மண்சரிவு
- வெட்டிவேர்
- பழனி மலை
- சோலைக்காடு
- வைகை அணை